அட்டை அடுப்பு

லாஸ் ஏஞ்சலஸ்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

யூதர்களின் ஜெப ஆலயத்திலும் உண்டியல் உண்டா என்று கேட்டிருந்தாய். ஆலயத்தில் மட்டுமா, வீட்டிலும் வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும் முன்பே காசு போட்டுவிட வேண்டும். அதன்பின் சனி இருட்டும்வரை அவர்களின் ஓய்வு நாள். வழக்கம் தவறாதவர்கள் அப்போது காசைத் தொட மாட்டார்கள். இப்படிக் கொடுப்பதற்கு அவர்கள் சொல்லும் பெயர் செதாக்கா. நாம் தர்மம் என்போம். அந்தச் சொல்லின் வேரோ நீதி. கொடுக்காவிட்டால் கடன் பாக்கி என்கிற மாதிரி.

இந்த ஊரில் என்சினோ பகுதியில் வேலி பெத் ஷாலோம் என்று ஓர் ஆலயம். அதன் ரபியாக, அதாவது மதகுருவாக இருந்த ஹெரால்ட் ஷுல்வைஸ், சூடானின் டார்ஃபூரில் கொலைகள் நடந்துகொண்டிருந்த 2004-இல், ஜானிஸ் காமெனிர்-ரெஸ்னிக் என்பவருடன் சேர்ந்து இனப்படுகொலையை எதிர்க்க ஜூயிஷ் வேர்ல்ட் வாட்ச் என்ற அமைப்பைத் தொடங்கினார். டார்ஃபூரிலிருந்து பக்கத்து நாடான சாடின் அகதி முகாம்களுக்குத் தப்பி வந்த பெண்களுக்கு விறகுதான் எமன். பக்கத்தில் மரம் இல்லை. சுள்ளி பொறுக்க வெளியே போனால் வழியில் வன்கொடுமை. அதனால்தான் அங்குள்ள இரிடிமி முகாமில் வெயில் அடுப்புக்கு இந்த அமைப்பின் பணம் போனது. குடும்பத்துக்கு இரண்டு.

அடுப்பு என்றதும் பெரிதாக நினைக்காதே. நாலடிக்கு மூன்றடி அட்டை, அவ்வளவுதான். வெள்ளைப் பசையில் சரிபாதி தண்ணீர் கலந்து தடவி, அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் வெளியே தெரிய ஒட்டி, சுருக்கம் விழாமல் துணியால் நீவ வேண்டும். மடித்து நிறுத்தினால் முறம் போல வெயிலை நடுவில் குவிக்கும். அங்கே மூடி போட்ட, வெளியே கறுப்படித்த மெல்லிய பாத்திரம். அதைச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைக் கட்ட வேண்டும். பை பாத்திரத்தில் ஒட்டக் கூடாது. இடையில் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. சோறு ஒன்றிரண்டு மணி நேரம், பருப்பு மூன்று நான்கு. ஆவி அதிகம் போகாததால் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம். அடி பிடிக்காது.

முதலில் கெடுவது அந்தப் பைதான். மடிப்பில் கிழியும், பிறகு எத்தனை வெயில் அடித்தும் பாத்திரம் சூடேறாது. மழையில் அட்டை ஊறிப்போகும், காற்றில் சாயும், புழுதி படிந்தால் தாள் மங்கும். இன்னொரு சங்கடம், அந்த ஊர்ச் சாப்பாடு அசீதா: நம் களி மாதிரி கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டப் பையைத் திறந்தால் சூடு போச்சு. ராத்திரிச் சமையலுக்கும் இது உதவாது. ஆகவே விறகு குறையுமே தவிர ஒழியாது. ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. போக வேண்டிய நடை குறைந்தாலே பெரிய காரியம்.

அடுப்பை இங்கிருந்து செய்து அனுப்பவில்லை. முகாமிலேயே அந்தப் பெண்கள்தான் கூலிக்கு வெட்டி ஒட்டினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடைக்கு எட்டுப் படி சொல்லியிருக்கிறார். ஒருவர் இனிக் கையேந்தாதபடி கடனோ வேலையோ கொடுப்பது உச்சிப் படி. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறாரே, அதுதான் எனக்குப் பிடித்தது.

நீ வடகம் போடும் மொட்டை மாடி இதற்குத் தோதான இடம். அத்தானிடம் சொல்லி ஒரு பழைய பாத்திரத்துக்குக் கறுப்பு அடிக்கச் சொல். வெளிப்பக்கம் மட்டும், மினுங்காத பெயின்ட், நஞ்சில்லாததாகப் பார்த்து வாங்கச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி