ஸ்டிக்கருக்கு முன்னால் கேனைப் பார்

கும்பகோணம்

அன்புள்ள ராஜுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே அரசலாற்றில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. சம்பா நடவு முடிந்துவிட்டது.

சல்ஃப்யூரிக் ஆசிட்டை 35 லிட்டர் கேன்களில் தூத்துக்குடிக்கு அனுப்பிக் கப்பலேற்ற வேண்டும், ஸ்டிக்கரில் என்ன அச்சடிப்பது என்று கேட்டிருந்தாய். ஸ்டிக்கர் இருக்கட்டும், முதலில் கேனைப் பார். பிளாஸ்டிக்கிலேயே புடைத்துக்கொண்டு ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் 'யு', அதன் கீழே 'என்'. ஐ.நா. விதிப்படி சோதித்த கேன் என்பதற்கான முத்திரை அது. பக்கத்தில் 3எச்1/ஒய்1.4/150/24 என்பது போல ஒரு வரி ஓடும். 3எச்1 என்றால் மேல்பகுதியைக் கழற்ற முடியாத பிளாஸ்டிக் கேன். ஒய் என்றால் நடுத்தர, குறைந்த அபாயச் சரக்குக்கு ஆகும். நம் ஆசிட் நடுத்தரம், அதனால் ஒய் போதும். 150 அழுத்தச் சோதனை அளவு, கிலோபாஸ்கலில். 24 செய்த வருடம்.

சிக்கல் அந்த 1.4-இல்தான். அது கேன் தாங்கும் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப்போல எத்தனை மடங்கு கனமான சரக்கு வரை ஊற்றலாம் என்பது. 98 சதவீத ஆசிட்டின் அடர்த்தி 1.84. தண்ணீர் ஊற்றினால் 35 கிலோ நிற்கும் கேனில் ஆசிட் 64 கிலோ நிற்கும். ஒய் வகையைத் தண்ணீர் நிரப்பிச் சோதித்தால், 1.4 கேனை 1.4 மீட்டர் உயரத்திலிருந்துதான் போட்டுப் பார்த்திருப்பார்கள், 1.9 கேனை 1.9 மீட்டரிலிருந்து. லாரியிலிருந்து நழுவினால் அடிமூலை பிளப்பது ஏற்றி இறக்குபவரின் கால்மாட்டில். ஆகவே 1.9 போட்ட கேனைக் கேட்டு வாங்கு. விலை கூடினாலும் சரி, இதில் பேரம் வேண்டாம்.

கேனில் கடிகாரம் மாதிரி பன்னிரண்டு எண்களும் ஓர் அம்பும் இருக்கும். அம்பு காட்டுவது செய்த மாதம். அன்றிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள். (55 சதவீதத்துக்கு மேற்பட்ட நைட்ரிக் ஆசிட் என்றால் இரண்டே வருடம்.)

இனி ஸ்டிக்கர். 'யுஎன் 1830' என்ற, இந்த ஆசிட்டுக்கான ஐ.நா. எண்ணும் சரக்கின் பெயரும் ஆங்கிலத்தில் வேண்டும். யுஎன் எண்ணின் எழுத்து உயரம் 12 மில்லிமீட்டர். 30 லிட்டர் வரைக்கும்தான் 6 மில்லிமீட்டர் செல்லும். 20 லிட்டர் கேனுக்கு அடித்த ஸ்டிக்கர் இதற்கு ஆகாது. அதே முகத்தில், பெயருக்குப் பக்கத்திலேயே, 100க்கு 100 மில்லிமீட்டர் அளவில் எட்டாம் வகுப்பு (அரிக்கும் சரக்கு) அபாய லேபிளைச் சாய்சதுரமாக ஒட்டு: மேல்பாதி வெள்ளை, இரண்டு குழாய்களிலிருந்து கைமீதும் உலோகத்தின்மீதும் சொட்டும் படம், கீழ்பாதி கறுப்பு, மூலையில் வெள்ளையில் 8. கட்டும் பட்டை லேபிளை மறைக்கக் கூடாது.

சாதா பேப்பர் ஸ்டிக்கர் ஐப்பசி அடைமழையிலேயே உரிந்துவிடும். கப்பல் சரக்கின் ஸ்டிக்கர் மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் படிக்க வர வேண்டும். அதற்கேற்ற பிளாஸ்டிக் ஃபிலிமாகப் பார்த்து வாங்கு. ஒட்டும் முன் கேனைத் துடைத்துக் காயவிடு. எண்ணெய்ப் பசை இருந்தால் ஓரத்திலிருந்து எழும்பும்.

காலிக் கேன் விஷயம் ஒன்று. உள்ளே கழுவும் வரை அதுவும் ஆசிட் கேன்தான், லேபிளைக் கிழிக்காதே. விதைநெல் ஊறப்போட யாராவது கேட்டு வந்தால் தயவுசெய்து கொடுக்காதே. ஓட்டை போட்டுக் கழிவெடுப்பவரிடம் சேர்த்துவிடு.

கேன்காரர் அனுப்பும் சோதனைச் சான்றிதழின் நகலையும் குறியீட்டின் போட்டோவையும் அனுப்பு. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஆர்டர் போடாதே.

அன்புடன்,
சேகர்