ப்ளஸ் டூ பேரண்ட்ஸ் குரூப்: ரிசல்ட்டுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். ரிசல்ட் நெருங்குது, அதனால தயவு செஞ்சு இத முழுசா படிங்க. இந்த குரூப்ல யாரும் பிள்ளைங்க மார்க்க போட வேணாம், "உங்க பொண்ணு எவ்ளோ"ன்னு கேக்கவும் வேணாம். பசங்களுக்கு மன அழுத்தம் வரக்கூடாதுன்னுதான் 2017லயே தமிழ்நாட்டுல மாநில ரேங்க் அறிவிக்கிறத நிறுத்துனாங்க, அத நாம வாட்ஸ்அப்ல திரும்ப ஆரம்பிச்சா எப்படி?

காலைல ஸ்கூல், சாயங்காலம் டியூஷன், ஞாயித்துக்கிழமை நீட் கோச்சிங்னு வருஷம் பூரா ஓடியிருக்காங்க பாவம். தூக்கம் வராம இருக்கறது, சாப்பாட்ட ஒதுக்கறது, அடிக்கடி தலைவலி வயித்துவலின்னு சொல்றது, ரூம விட்டே வெளிய வராம கிடக்கறது, இதெல்லாம் சோம்பேறித்தனம்னு திட்டாதீங்க, பக்கத்துல உக்காந்து என்னன்னு கேளுங்க. "வாழவே பிடிக்கல"ன்னு ஒரு வார்த்த வந்தாலும் தனியா விடாதீங்க, உடனே அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் போடுங்க, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசோட சுகாதார ஹெல்ப்லைன் 104லயும் பேசலாம்.

ஒரு சப்ஜெக்ட் போனாலும் வருஷம் போகாது, கொஞ்ச நாள்லயே துணைத்தேர்வு வரும், பாஸ் பண்ணிட்டா இந்த வருஷமே காலேஜ் சேரலாம். இத இப்பவே பசங்க கிட்ட சொல்லி வைங்க, ரிசல்ட் வந்தப்புறம் சொன்னா காதுல ஏறாது.

மார்க் ஸ்கிரீன்ஷாட் வந்தா அட்மின்ஸ் டெலீட் பண்ணிடுவோம், யாரும் கோச்சுக்காதீங்க. ரிசல்ட் அன்னைக்கு அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தராவது லீவு போட்டு வீட்ல இருங்க.