கறுப்புப் புகை வந்தால் பலம் வந்துவிட்டது என்று யார் சொன்னது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், பழைய டீசல் காரை மலிவாக வாங்கி வீட்டிலேயே சரிசெய்து மெருகேற்றுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்கு ஆர்வம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலம் கூட்ட வேண்டுமானால் வாங்கிய முதல் வாரமே இ.ஜி.ஆர். வால்வை (எரிந்த புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) அடை, பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கூட்டு, சைலன்சரைக் கழற்றி நேர்க்குழாய் போடு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போதாக்குறைக்கு அதில் ஒரு வரி ஆபத்தானது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் இப்படி ஒரு கார் வாங்கியவன்தான். நான்கு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி), 1990களில் வந்த பழைய மெக்கானிக்கல் பம்ப். இரண்டு வருடம் ஓடாமல் ஒரே இடத்தில் நின்ற வண்டி. காலையில் ஸ்டார்ட்டர் பத்து விநாடி கதறிய பிறகுதான் பிடிக்கும், பிடித்ததும் வெள்ளைப் புகை, மேடு ஏறினால் இரண்டாவது கியரிலும் முனகல், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் பின்னால் வருபவர் கண்ணுக்கு ரோடே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. விற்றவர் "ஹீட்டர் பிளக் மட்டும்தான் சார், மற்றபடி இன்ஜின் தங்கம்" என்றார். பழைய டீசல் விற்கிற எல்லோரும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சரி, குளிர்ந்த இன்ஜின் பிடிப்பதற்காகச் சிலிண்டருக்குள் சூடேற்றும் அந்த ஹீட்டர் பிளக்கிலிருந்தே ஆரம்பித்தேன். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். நல்ல பிளக் ஒரு ஓமுக்குப் பக்கத்தில் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. நான்கில் இரண்டு செத்திருந்தன. இதைக் கழற்றுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் கரி பிடித்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு ஒட்டிப்போன பிளக்கை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முரட்டுத்தனமாகத் திருப்பினால் பாதி கையில் வரும், மீதி ஹெட்டுக்குள் நிற்கும். அதை எடுக்க ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். முந்தின நாள் ராத்திரி துரு இளக்கும் எண்ணெயை விட்டு, மறுநாள் இன்ஜினைச் சூடேற்றி, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று நான்கு பிளக்குக்கு அரை நாள் போனது. வெள்ளைப் புகை நின்றது. ஆனால் பத்து விநாடி ஆறு விநாடியாகத்தான் குறைந்தது.

இங்கேதான் டீசல் இன்ஜினைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். இதற்குத் தீப்பொறி கிடையாது. காற்றை பதினைந்து, இருபது மடங்கு நெருக்கினால் வரும் சூட்டில், தெளித்த டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்று 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படையும் இதுதான். அப்படியென்றால் அது கேட்பது கம்ப்ரஷன் (அந்த நெருக்கல்தான்), காற்றுக் கலக்காத சுத்தமான டீசல், சரியான டைமிங் (டீசலைத் தெளிக்கும் நேரம்), அவ்வளவுதான். கம்ப்ரஷனை டீசலுக்கான கேஜ் வைத்துப் பார்த்தேன் (பெட்ரோல் வண்டிக்கானதை மாட்டினால் கேஜ்தான் போகும்). மூன்று சிலிண்டரில் 28 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), ஒன்றில் 26. தங்கம் இல்லை, ஆனால் வெள்ளி என்று சொல்லலாம்.

மிச்சம் இருந்தது காற்று. பம்புக்கு டீசல் வரும் குழாயிலும் திரும்பிப் போகும் குழாயிலும் இடையில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினேன். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது இரண்டும் நிறைந்திருந்தன. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் திரும்பிப் போகும் குழாய் காலி, வரும் குழாயில் பாதி காற்று. ராத்திரி முழுக்க எங்கோ காற்று உறிஞ்சி, டீசல் சத்தமில்லாமல் டேங்குக்கே இறங்கிப் போயிருக்கிறது. தேடிப் பார்த்ததில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு நடுவே ஓடும் துணி சுற்றிய மெல்லிய ரப்பர் குழாய், நம் சுண்டுவிரலைவிட ஒல்லியானது, மூன்றாவது இன்ஜெக்டர் பக்கத்தில் மட்டும் ஈரமாகி, புழுதி அப்பிக் கறுத்திருந்தது. காரிலேயே விலை குறைந்த உதிரிப்பாகம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு அடி வாங்கி நான்கு துண்டாக வெட்டி மாட்டினேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் பிடித்தது. நான் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து இழுவை. கட்டுரையாளர் முதலில் கை வைக்கச் சொன்ன டீசல் திருகில் எனக்கு முன்னால் யாரோ கை வைத்திருந்தார்கள். கம்பெனியில் திருகின் மேல் போடுகிற முத்திரை உடைந்திருந்தது, லாக் நட்டில் ஸ்பேனர் நழுவிய கீறல் புதுசாக மினுங்கியது. ஏன் கூட்டினார்கள்? இழுவை குறைந்ததால் கூட்டியிருப்பார்கள். இழுவை ஏன் குறைந்தது? டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்குக் கீழே, வெளியே தெரியாத இடத்தில் இரண்டு அங்குலம் வெடித்திருந்தது. குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் கொஞ்சமாகக் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவியதும் நுரை பொங்கிக் காட்டிக் கொடுத்தது. ஏர் ஃபில்டரைத் தட்டியபோது கொட்டிய மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். ஆக, காற்று பாதியில் வெளியே போய்க்கொண்டிருக்க, டீசலை மட்டும் கூட்டியிருக்கிறார் அந்தப் புண்ணியவான். போதுமான காற்று கிடைக்காத டீசல் முழுசாக எரியாமல் கரியாகி வருவதுதான் கறுப்புப் புகை. அதைப் பலம் என்று நினைப்பது, அடுப்பு புகைந்தால் சமையல் வேகமாக நடக்கிறது என்று நினைப்பது மாதிரி.

ஹோஸ் மாற்றி, ஃபில்டர் மாற்றி, திருகைப் பழைய குறிக்கே கொண்டுவந்து, பம்ப் டைமிங்கையும் சரிபார்த்ததும் அதே மேட்டில் வண்டி மூன்றாவது கியரில் முனகாமல் ஏறியது. புகையும் இல்லை. இத்தனைக்கும் நான் எதையும் மாடிஃபை செய்யவில்லை, கம்பெனி கொடுத்ததைத் திருப்பி வாங்கினேன், அவ்வளவுதான். மலிவாக வரும் டீசல் கார்களில் பலர் தேடும் கூடுதல் பலத்தில் பெரும்பங்கு இப்படிக் கிழிந்த ஹோஸிலும் அடைத்த ஃபில்டரிலும்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி.

இ.ஜி.ஆர். விஷயத்துக்கு வருகிறேன். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு, எரியும் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற நச்சு வாயுக்களைக் குறைப்பது அதன் வேலை. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது அந்த வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். அப்புறம் அதை அடைப்பதால் முழு மிதியில் எங்கிருந்து கூடுதல் பலம் வரும்? கரி பிடித்து பாதி திறந்தபடி சிக்கிய வால்வு இழுவையைக் கெடுக்கும், உண்மைதான். அதற்குக் கழற்றிக் கழுவ வேண்டும், தகடு வைத்து அடைக்கக் கூடாது. கொஞ்சம் புதிய வண்டிகளில் உள்ள புகை வடிகட்டியை உள்ளே குடைந்து காலி செய்வதும் இதே கதைதான். வடிகட்டியில் சேரும் கரி 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேறினால்தான் எரிந்து தீரும், பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓட்டினால் அடைக்கத்தான் செய்யும். டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் என்ன பாவம் செய்தார்?

பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கையில் ரசீது இல்லையா, மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு, பெல்ட் அறுந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். துருவுக்கும் அப்படித்தான். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது இரும்பு இல்லை, துருவை மறைக்கப் பூசிய பட்டி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

மாடிஃபை செய்யவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நானும் செய்தேன். முதலில் பிரேக் ஆயில், ஹோஸ், பேட் எல்லாம் புதுசு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும், பழைய ஆயிலோடு நீண்ட இறக்கத்தில் இறங்கினால் பெடல் திடீரென்று பஞ்சாகிவிடும். அடுத்து ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் விடும் சுவிட்ச்). பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்க, பழைய சுவிட்சையும் மெல்லிய ஒயரையும் தாண்டி பல்புக்கு வந்தது 11.2தான். ஹாலோஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் வரை போய்விடும். ரிலே வைத்தபின் அதே பல்பு வேறு பல்பு மாதிரி எரிகிறது. செலவுக்குக் கிடைத்த பலனில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

கடைசியாக, ஆமாம், டீசல் திருகையும் தொட்டேன். ஆனால் அதற்கு முன் எக்ஸாஸ்டில் வெப்பமானி பொருத்தினேன். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், டர்போ டீசல் நிறைசுமையில் இழுக்கும்போது புகையின் வெப்பம் 700ஐத் தாண்டும். பிஸ்டன் உருகாமல் இருப்பதே ஆயிலும் கூலன்ட்டும் சூட்டை எடுத்துக்கொண்டே இருப்பதால்தான். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன், மேட்டில் முள் ஏறியதைப் பார்த்தேன், மறுநாளே பாதியைத் திருப்பி வைத்துவிட்டேன். அந்த வெப்பமானி இல்லாமல் கை வைத்திருந்தால் பிஸ்டன் ஓட்டையானதும்தான் எனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது அந்த ஆபத்தான வரி. டீசல் எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், இன்ஜின் ஓடும்போது குழாய் நெடுகக் கையால் தடவிப் பாருங்கள் என்று கட்டுரையில் இருக்கிறது. ஐயா, எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும், 1997இல் காருக்கு வந்த காமன் ரயில் அமைப்பில் அந்தக் குழாய்க்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், பிறகு வந்தவற்றில் இன்னும் அதிகம். பழைய பம்பிலும் இன்ஜெக்டர் குழாயின் அழுத்தம் தோலைத் துளைக்கப் போதும். கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற பீச்சல் ஊசி மாதிரி தோலுக்குள் டீசலை ஏற்றிவிடும். வெளியே ஒரு புள்ளி மட்டும் இருக்கும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, சில மணி நேரத்தில் உள்ளே சதை கெட ஆரம்பித்து விரலை எடுக்க வேண்டிய நிலை வரை போகலாம். அப்படி நடந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே ஏறியது என்று சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க வேண்டுமானால் ஒரு அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்தால் ஈரம் காட்டும். காமன் ரயில் வண்டியில் இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தவும் கூடாது.

இ.ஜி.ஆர். பற்றியும் திருகு பற்றியும் அவரும் நானும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சண்டை போடலாம். அந்தக் கை வைக்கச் சொன்ன வரிக்கு மட்டும் வரும் ஞாயிறே, அதே பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நகக்கண்ணில் கரி போகாத ஒரு வாசகன்