சேர்ந்தால் போதுமா, முடிக்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பணத்தில் இயங்கினாலும் தனி நிர்வாகம் கொண்ட அமெரிக்க சார்ட்டர் பள்ளிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, கல்லூரிச் சேர்க்கையைப் பாராட்டுவதோடு நின்றுவிட்டது. 1994இல் ஹூஸ்டனில் இரு இளம் ஆசிரியர்கள் தொடங்கிய ‘கிப்’ (KIPP) என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமம், 2011இல் தன் கணக்கைத் தானே வெளியிட்டது. அதன் ஆரம்பகால மாணவர்களில், எட்டாம் வகுப்பு முடித்துப் பத்தாண்டுகளாகியும், நான்காண்டுப் பட்டம் பெற்றிருந்தோர் 33 விழுக்காட்டினரே. ஏழைக் குடும்பப் பிள்ளைகளிடையே நாட்டளவில் அது சுமார் 8 விழுக்காடுதான் என்பதால் இது பெரிய சாதனையே. ஆனால் குழுமம் வகுத்துக்கொண்ட இலக்கோ 75.

இடைவெளி எங்கே விழுகிறது என்பதை ஹூஸ்டனில் வசிக்கும் நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். கணக்கில் கெட்டிக்காரியான பக்கத்து வீட்டு மாணவி, அம்மாவின் வரிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டரசின் நிதியுதவி விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியாமல் அரைமணி நேரம் தவித்தாள். கல்லூரி வாசலை மிதித்தவர் அவள் வீட்டில் எவருமில்லை.

பள்ளியை விட்டுப் போன மாணவர்களையும் பட்டம் வரை பின்தொடரும் ஆலோசகர்களை ‘கிப்’ அமர்த்தியிருப்பது இதனால்தான். இனி இப்பள்ளிகளைப் பற்றி எழுதும்போது, சேர்ந்தோர் எண்ணிக்கையின் பக்கத்திலேயே முடித்தோர் எண்ணிக்கையையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், ஹூஸ்டன்