பேத்தியின் விமானப் பயணம்: கல்யாணிக்கு ஒரு கடிதம்

திருவான்மியூர், சென்னை

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் கிடைத்தது. கும்பகோணத்தில் மழை பிடித்துக்கொண்டதையும் உன் மூட்டுவலி கொஞ்சம் தணிந்திருப்பதையும் படித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நேராக உன் கேள்விக்கு வருகிறேன். பேத்திக்கு ஒன்பது மாதம், எட்டரைக் கிலோ. சென்னையிலிருந்து லண்டன், அங்கிருந்து ஓர் அமெரிக்க நிறுவனத்தின் விமானத்தில் சிகாகோ. "மடியில் வைத்துக்கொண்டால் போதாதா? தொட்டில் வேறு தருகிறார்களாமே" என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் மடி. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மடியில் வைத்துப் பறக்க விதி அனுமதிக்கிறது. அனுமதி இருப்பதாலேயே அது பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதே. இப்போது செய்யப்படும் விமான இருக்கைகளை முன்பக்க மோதலில் புவியீர்ப்பைப் போலப் பதினாறு மடங்கு விசைக்குச் சோதிக்கிறார்கள். அந்தக் கணத்தில் உன் பேத்தியின் எட்டரைக் கிலோ, 136 கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், சாதாரணக் காற்றுக்குலுக்கலையே எடுத்துக்கொள். விமானம் திடீரென்று கீழே இறங்கும். பெல்ட் போட்ட தாயும் கூடவே இறங்குவாள். பெல்ட் இல்லாத குழந்தை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது கையிலிருந்து மேலே எழும்பும்.

1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் நிறுவனத்தின் 232 எண் விமானம் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்தபோது, மடிக்குழந்தைகள் நான்கு பேர் அதில் இருந்தார்கள். குழந்தையை விமானத்துக்குள் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அன்றைக்கு இருந்த வழிமுறை. ஒரு குழந்தை இறந்துபோனது. மடியில் வைக்கும் சலுகையை நீக்கவேண்டும் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் அதன் பிறகு பலமுறை கேட்டுவிட்டது. விமானத் துறை நிர்வாகமோ, "தனி டிக்கெட் கட்டாயம் என்றால் குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் சாவு கூடும்" என்று மறுத்துவருகிறது. அவர்கள் ஊருக்கு அந்த வாதம் சரியாகவே இருக்கலாம். சென்னையிலிருந்து சிகாகோவுக்குக் காரில் யார் போகப்போகிறார்கள், சொல்!

அடுத்தது, தாயின் பெல்ட்டில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்டும் சின்ன பெல்ட். பிரிட்டனில் மடிக்குழந்தைக்கு அது கட்டாயம். அமெரிக்க நிறுவனங்களின் விமானத்தில் அதற்குத் தடை. ஆகவே லண்டன் வரை பணிப்பெண் கொண்டுவந்து கொடுப்பாள், சிகாகோ விமானத்தில் கேட்டாலும் கிடைக்காது. உன் பெண் குழம்பிப்போவாள், முன்பே சொல்லிவை. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. குலுக்கலில் குழந்தை பறந்துபோகாமல் அந்த பெல்ட் பிடிக்கும். ஆனால் பலமான மோதலில் தாயின் உடம்பு முன்னால் மடங்கும். நடுவில் குழந்தை மெத்தை மாதிரி அகப்படும். முழு விசையும் அதன் மெல்லிய வயிற்றில் இறங்கும். கொடுத்தால் போட்டுக்கொள்ளச் சொல். அதை நம்பித் தனி சீட்டைக் கைவிடவேண்டாம்.

தொட்டில் விஷயம் சுருக்கமாகவே முடியும். அது தூங்கவைக்கும் பெட்டி, அவ்வளவுதான். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அதில் குழந்தை இருக்கக் கூடாது. பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும், அப்போதுதான் கண் அயர்ந்த குழந்தையைத் தூக்கியாக வேண்டும். எடைவரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நீளத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஒன்பது மாதத்தில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கும் குழந்தைக்கு அந்தப் பக்கச்சுவரின் உயரம் போதாது. தூளியில் ஆடியே தூங்கிப் பழகிய குழந்தை அந்த அசையாத பெட்டியில் எவ்வளவு நேரம் படுக்கும் என்பதும் உனக்கே தெரியும். வசதிக்காகக் கேட்டு வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தொட்டில் மாட்டும் தடுப்புச்சுவர் வரிசையில் உணவுத்தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி மேலே தூக்காது, சீட்டின் அகலமும் குறையும். நான் அடுத்துச் சொல்லப்போகும் கார் சீட்டை, அதாவது குழந்தையை வாரால் கட்டி உட்காரவைக்கும் தனி இருக்கையை, வைக்க அந்த வரிசை தோதுப்படாது.

என் யோசனை இதுதான்: பேத்திக்குத் தனி டிக்கெட், அதில் பின்னோக்கி வைக்கும் கார் சீட். ஆனால் எந்தக் கார் சீட் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். விமானத்தில் இடுப்பு பெல்ட் மட்டுமே உண்டு. தோள் பெல்ட்டும் கிடையாது, கார் சீட்டை மாட்டுவதற்கென்று காரில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் கிடையாது. நம் ஊர்க் கடையிலும் ஐரோப்பாவிலும் விற்கும் சீட்டுகளில் பல, தோள் பெல்ட்டையும் சேர்த்துச் சுற்றினால்தான் நிற்கும். அவை விமானத்தில் உதவாது. அதோடு, அமெரிக்கத் தரச்சான்று இல்லாத சீட்டைச் சிகாகோவில் காரிலும் போடமுடியாது. எனவே மாப்பிள்ளை அழைத்துப்போக வரும்போது அங்கிருந்தே ஒன்று வாங்கிவரட்டும். பக்கவாட்டு ஒட்டுத்தாளில், மோட்டார் வாகனத்துக்கும் விமானத்துக்கும் சான்றளிக்கப்பட்டது என்ற வாசகம் சிவப்பு எழுத்தில் இருக்கவேண்டும். அகலம் 40 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலான எகானமி சீட்டில் உட்காரும். எடை நாலைந்து கிலோவுக்குள் இருப்பது நல்லது. லண்டனில் விமானம் மாறும்போது தூக்கிக்கொண்டு ஓடப்போவது உன் பெண்தானே.

டிக்கெட்டை இணையத்தில் போட்டால், இரண்டு வயதுக்குள் என்றதுமே பெரும்பாலும் மடிக்குழந்தை என்று பதிவாகிவிடும். போனில் பேசி, தனி இருக்கையில் உட்காரும் குழந்தை என்று பதியச் சொல்லவேண்டும். கார் சீட்டின் மாடலையும் அளவையும் இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளட்டும். தனி டிக்கெட் இருந்தால் சான்று பெற்ற சீட்டை அமெரிக்க நிறுவனம் மறுக்க முடியாது. மற்ற நிறுவனங்களுக்கு அவரவர் விதி. இடம் ஜன்னலோரம், மற்றவர்கள் வெளியேறும் வழியை அது மறிக்கக் கூடாது. அவசரக் கதவு வரிசையும், அதன் முன்வரிசை பின்வரிசையும் ஆகாது. காற்றுப்பை வைத்த தடித்த பெல்ட் சில விமான சீட்டுகளில் இருக்கும், அதுவும் கூடாது.

பொருத்துவது இப்படி. காரில் வைக்கும் அடித்தட்டு இருந்தால் கழற்றிவிடவேண்டும். விமான சீட்டின் கைப்பிடியைத் தூக்கிவிட்டு, கார் சீட்டைப் பின்னோக்கி வைத்து, பின்னோக்கும் நிலைக்கென்று குறித்திருக்கும் துளை வழியாக இடுப்பு பெல்ட்டைக் கோக்கவேண்டும். முறுக்கு விழக் கூடாது. பக்கிளின் மூடி மேலே தூக்கித் திறக்கும் வகை. அதைத் தூக்க இடம் இருக்கும்படி முகம் வெளியே பார்த்துப் பூட்டவேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது கழற்ற முடியாமல் திண்டாடுவார்கள். பிறகு ஒரு கையால் சீட்டை அழுத்திக்கொண்டே மறு கையால் பெல்ட்டின் வாலை இழுத்து இறுக்கவேண்டும். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பெல்ட் நீளம் போதவில்லையென்றால் நீட்டிப்பு பெல்ட் கேட்கலாம். முன்சீட்டுக்காரர் சாய்ந்தால் இடிக்கும். அவரிடம் முதலிலேயே பணிப்பெண் மூலம் சொல்லிவிடுவது நல்லது, நடு இரவில் சண்டை வேண்டாம்.

கார் சீட்டின் தோள்வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வரவேண்டும். நெஞ்சுக் கிளிப் அக்குள் மட்டத்தில். வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கச் சொல். கிள்ளி எடுக்க முடிந்தால் தளர்வு. விமானத்தில் குளிரும் என்று ஸ்வெட்டர், போர்வை எல்லாம் சுற்றிவிட்டு அதன் மேல் வாரைப் பூட்டுவதுதான் நம்மவர் செய்யும் பெரிய தப்பு. பஞ்சு அமுங்கியதும் வார் தளர்ந்துவிடும். முதலில் வார், அதற்கு மேல் போர்வை. கழுத்துக்குத் தலையணை வைக்காதே. தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் அடைபடும். தூங்கும்போது அவ்வப்போது தாடையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கடையில் இன்னும் என்னென்னவோ விற்கிறார்கள். உணவுத்தட்டில் மாட்டும் துணி ஊஞ்சல், கால் இடைவெளியை நிரப்பும் காற்றுத் தலையணை. குலுக்கலில் குழந்தையைப் பிடித்து நிறுத்த இவற்றால் ஆகாது. அவசரத்தில் வழியையும் அடைக்கும். பல நிறுவனங்கள் விடுவதே இல்லை. விமான சீட்டின் முதுகைச் சுற்றிக் கட்டும் கேர்ஸ் வார் மட்டும் அமெரிக்கச் சான்று பெற்றது, அரைக் கிலோகூட இருக்காது. அது ஒரு வயதுக்கு மேல், 10 முதல் 20 கிலோ, ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு. பேத்தி அடுத்தமுறை வரும்போது யோசிக்கலாம்.

தனி டிக்கெட்டுக்குப் பணம் ஒத்துவரவில்லையென்றால், உன் பெண் நடைபாதையோரம் உட்காரவேண்டாம். உணவு வண்டி இடிப்பதும் சூடான தேநீர் சிந்துவதும் அங்கேதான். மடிக்குழந்தைக்கு உபரி ஆக்ஸிஜன் முகமூடி ஒரு வரிசைத் தொகுதிக்கு ஒன்றுதான் இருக்கும். யாராவது இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டால் பணிப்பெண்ணைக் கேட்காமல் மாறக் கூடாது. மார்போடு கட்டும் துணிப்பையை ஏறும்போதும் இறங்கும்போதும் கழற்றச் சொல்வார்கள்.

காது வலிக்கு ஒரு வார்த்தை. வலி அதிகம் வருவது இறங்கும்போதுதான். தரையிறங்க அரைமணி நேரம் இருக்கும்போதே குழந்தையை எழுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கவேண்டும். தூங்கும் குழந்தை அவ்வளவாக விழுங்காது. கார் சீட்டில் இருப்பதால் பாட்டில் அல்லது சிப்பர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வாரைக் கழற்றிப் பால் கொடுக்கும் வேலை அப்போது கூடாது.

திரிசூலம் விமான நிலையத்துக்குக் கால் டாக்ஸியில் வரும்போதும் அதே சீட்டில்தான் குழந்தை இருக்கவேண்டும். நம் டாக்ஸிகளில் பின்சீட் பக்கிள் உறைக்கு அடியில் புதைந்திருக்கும். ஏறுவதற்கு முன்பே டிரைவரிடம் சொல்லி எடுக்க வைக்கவேண்டும். சீட்டைப் பெட்டிகளோடு லக்கேஜில் போடவேண்டாம். விழுந்து உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

மாப்பிள்ளை வாங்கியதும் அந்த ஒட்டுத்தாளையும், அடியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
விசாலம்