காட்சித் தொடர்பியலுக்கு வணிகப் பாடமும் தேவை

ஆசிரியருக்கு,

கடலூர், புதுச்சேரி கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பில் மாணவர்கள் ஆர்வம் காட்டுவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சியே. ஆனால் அதன் பாடத்திட்டத்தில் தொடக்கநிலை வணிகவியலும் கட்டாயமாக வேண்டும். மஞ்சக்குப்பத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். இந்தப் படிப்பை முடித்துப் பயிற்சிக்கு வரும் பட்டதாரிகள் ஒலித்தொகுப்பை அழகாகச் செய்கிறார்கள். நகைக்கடை விளம்பரம் ஒன்றுக்கு விலைப்புள்ளி (கொட்டேஷன்) எழுதச் சொன்னால் விழிக்கிறார்கள். குரல் கொடுப்பவர் ஊதியம், ஜி.எஸ்.டி., கருவிகளின் தேய்மானம் எதுவும் அவர்கள் கணக்கில் வராது. (குறைந்த விலை சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, கைக்காசு போட்டு முடிப்பவர்களும் உண்டு.)

ஒரு வட்டாரத்து மக்களுக்காகக் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலியையே எடுத்துக்கொள்வோம். 2024-இல் வந்த நெறிமுறைகள் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரத்தை அனுமதிக்கின்றன. அரசு விளம்பரக் கட்டணம் அந்த ஆண்டு 10 நொடிக்கு 74 ரூபாய் ஆனது. அந்தக் கட்டணத்தில், அத்தனை நேரமும் நிரம்பினால்கூட மணிக்கு 5,328 ரூபாய்தான், நிரம்புவது எங்கே? இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் நிலையத்தை எப்படி நடத்துவார்? இந்த வணிகப் பாடத்துக்கெனத் தனிப் பேராசிரியரைத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் வணிகவியல் துறை ஏற்கெனவே இருக்கிறது. இரு துறை மாணவர்களும் சேர்ந்து, உள்ளூர்க் கடை ஒன்றுக்கு வரவு செலவுத் திட்டத்துடன் வானொலி விளம்பரம் தயாரிப்பதை, மதிப்பெண்ணுக்குரிய பருவச் செயல்திட்டமாக அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் புதுவைப் பல்கலைக்கழகமும் சேர்க்கலாம்.

– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.