மீசை வந்த வருடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'குயின்' ராக் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் ஒரு வரி முள்ளாகச் சிக்கிக்கொண்டது. தனக்கு எய்ட்ஸ் என்று தெரிந்த பிறகுதான் 1985இல் லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரி மேடையில் ஏறினார் என்கிறார் கட்டுரையாளர். அது அவரைப் பற்றி 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தின் கதை. கடைசி ஆண்டுகளில் ஃபிரெடியோடு வாழ்ந்த ஜிம் ஹட்டன் சொல்வது 1987. பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகளும் அந்த ஆண்டைத்தான் சொல்கின்றன.

போதாததற்குக் கடைசியில் ஒரு குத்தல் வேறு: ரசிகர்களுக்குத் துதி பாடினால் போதும், உண்மை கசக்கும் என்று. சரி, நாங்கள் எப்படிப் படிக்கிறோம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படத்தில் 'வீ வில் ராக் யூ' பாட்டு பிறக்கும் காட்சி வரும். குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே எல்லோரையும் காலால் தட்டச் சொல்வார். ஃபிரெடி தாமதமாக உள்ளே வருவார், மீசையோடு. பாட்டு வந்தது 1977இல். அப்போது அவருக்கு மீசையே கிடையாது, 1980இல்தான் வைத்தார். மீசையையும் தலைமுடியையும் பார்த்தே ஒரு புகைப்படம் எந்த வருடத்தியது என்று சொல்லிவிடுகிற கூட்டம் நாங்கள். தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் அந்த மீசையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீசையை மன்னித்துவிடலாம், சினிமாவில் இரண்டு மூன்று வருடம் முன்னே பின்னே ஆகும். லைவ் எய்டு விஷயம் அப்படி இல்லை. படத்தில் அவர் தனி ஆல்பத்துக்காகக் குழுவை உதறிவிட்டுப் போகிறார், சீரழிகிறார், திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறார், நோயைச் சொல்கிறார், மேடை ஏறுகிறார். அப்படியே கெட்டகுமாரன் கதை. நிஜத்தில் குழு உடையவே இல்லை. 1984இல் ஆல்பம் போட்டார்கள். 1985 மே மாதம்கூட ஜப்பானில் கச்சேரி செய்தார்கள். ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்லி மைதானத்தில் லைவ் எய்டில் அந்த 21 நிமிடம் அவ்வளவு கச்சிதமாக அமைந்தது என்றால் கை சூடாக இருந்ததும், கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்ததும்தான் காரணம். தனி ஆல்பத்தை முதலில் போட்டவரும் ஃபிரெடி இல்லை, டிரம்மர் ரோஜர் டெய்லர். இத்தனைக்கும் டெய்லரும் பிரையன் மேயும் அந்தப் படத்தின் உருவாக்கத்தில் கூடவே இருந்தவர்கள். பக்கத்தில் இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றைக்கே போய்விட்டது.

பக்கத்தில் இருந்தவர்கள் மறைப்பதற்கு அன்பும் ஒரு காரணம். ஃபிரெடி மெலிந்துகொண்டே போன நாட்களில் நிருபர்கள் கேட்கக் கேட்கக் குழுவினர் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று அவரே அறிக்கை விட்டார். மறுநாள் மாலை போய்விட்டார். அந்த மறுப்புக்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஹட்டனின் புத்தகம் 1994இல் வந்தது. சவாய் ஹோட்டலில் முடிதிருத்துபவராக இருந்தவர் அவர் (படத்தில் ஏனோ அவரை ஃபிரெடி வீட்டு விருந்தில் பரிமாறுகிறவராக ஆக்கிவிட்டார்கள்). பிறகு அந்த வீட்டுத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். சண்டைகளையும் எழுதுகிறார், தன் பொறாமையையும் எழுதுகிறார். ஃபிரெடி இறந்த பிறகு வீடு அவருடைய முன்னாள் காதலியும் நெடுநாள் தோழியுமான மேரி ஆஸ்டினுக்குப் போயிற்று, ஹட்டன் வெளியேற நேர்ந்தது. அந்த மனஸ்தாபம் பக்கங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. மேரியைப் பற்றி அவர் எழுதியதைப் பாதி கழித்துத்தான் படிப்பேன். எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறாரே, அதனால்தான் மற்றதை நம்புகிறேன்.

2025இல் லெஸ்லி ஆன் ஜோன்ஸ் எழுதிய புத்தகத்தில் ஒரு ரகசிய மகளும், அவருக்கு ஃபிரெடி கொடுத்ததாகச் சொல்லப்படும் 17 நோட்டுப் புத்தகங்களும் வந்தன. அப்படிக் குழந்தையோ குறிப்பேடுகளோ இருந்ததாகத் தனக்குத் தெரியாது என்றார் மேரி. புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, ஓர் எழுத்து மட்டும். பெயரை வெளியிடாதது அவர் உரிமை. அதற்காக நான் நம்பியே தீர வேண்டும் என்றில்லை.

நான் படித்தவரை ஃபிரெடியைப் பற்றி எழுதியவர்களில் பலர் மகாராஷ்டிரத்தின் பாஞ்ச்கனியை நாலு பக்கத்தில் தாண்டிவிடுகிறார்கள். சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன் 8 வயதில் அந்த மலையூர் விடுதிப் பள்ளிக்கு வந்து, பியானோ கற்று, ஹெக்டிக்ஸ் என்ற முதல் குழுவில் வாசித்தது அங்கேதான். பரபரப்பு இல்லாத இடம் அல்லவா, யார் நிற்பார்கள்?

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்த 1985 வரிக்கு மட்டும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்